நடேசன் பேரில் இருந்த வேலை

பாகூர் சுப்பராயலுவின் பண்ணையில் கரும்பு ஆட்டிக்கொண்டிருந்த ஒரு மாசி மாதப் பகலில், நடேசனின் வலது கை ஆலையின் உருளைகளுக்கு நடுவே போய்விட்டது. விடிவதற்கு முன்பிருந்தே கரும்பைச் செலுத்திக்கொண்டிருந்தவன், ஒரு நொடி கண் அயர்ந்துவிட்டான். மாடுகளை நிறுத்தி, உருளைகளைப் பின்னுக்குத் திருப்பிக் கையை வெளியே எடுத்தபோது விரல்கள் இருந்த இடமே தெரியவில்லை. மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்து, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மணிக்கட்டுக்கு மேலே எடுத்துத் தைத்து, சித்திரையில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவன் மனைவி செங்கமலம் அதே பண்ணையில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிறவள். வயது முப்பதைத் தொட்டிருக்காது. கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் அவள் வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். போகாவிட்டால் உலை இல்லை. மகள் அமுதத்தைப் பக்கத்துக் குடிசையில் விட்டுவிட்டு, அறுப்பு முடிந்த கையோடு பட்டணத்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

சுப்பராயலுவைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. நெல்லும் கரும்புமாக நிறைய நிலம் வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் நடத்தும் அடுத்த தேர்தலில் பாகூர் வட்டாரத்துக் கொம்யூனுக்குத் தலைவராக, மேர் ஆகிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. கை போனவனைப் பண்ணையை விட்டுத் துரத்திவிட்டார் என்ற பேச்சு அந்த நேரத்தில் அவருக்கு ஆகாது. அந்தப் பொங்கலுக்குத்தான் அவர், தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார வியாபாரியிடமிருந்து மோட்டார் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். கருநீல வண்டி. மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு கொட்டாய் போட்டிருந்தார். நடேசனைக் கூப்பிட்டு, இனி வண்டியைத் துடைத்துக் கொட்டாயைப் பெருக்கி வைப்பதுதான் அவன் வேலை என்றார். உட்கார்ந்த இடத்து வேலை, வாராவாரம் நெல் அளக்கச் சொல்கிறேன் என்றும் சொன்னார். நடேசன் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

ஒரு கையால் வண்டி கழுவ முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறைக்க இரண்டு கை வேண்டும். ஈரத் துணியைப் பிழிய இரண்டு கை வேண்டும். துணியின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இடது கையால் நடேசன் முறுக்கிக்கொண்டிருந்தான். வயலுக்குப் புறப்பட்ட செங்கமலம் அந்தப் பக்கமாக வந்தவள் நின்று பார்த்தாள். துணியை அவன் கையிலிருந்து வாங்கிப் பிழிந்து, வண்டியின் கூரையிலிருந்து துடைக்கத் தொடங்கினாள். அன்று வயலுக்குப் பிந்திப் போனதற்குக் கங்காணியிடம் வசவு வாங்கினாள். மறுநாளிலிருந்து அதற்கென்றே முன்னதாக எழுந்தாள்.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. வேலை நடேசன் பேரில் இருந்தது. செய்தது செங்கமலம். பண்ணையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

வண்டியை ஓட்டியவன் பச்சையப்பன். முத்தியாலுப்பேட்டைப் பக்கத்துக்காரன். வண்டியோடு சேர்ந்தே பழைய முதலாளியிடமிருந்து வந்தவன். அவனுக்குப் பேசப் பிடிக்கும், தண்ணீரில் கை வைக்கப் பிடிக்காது. உள்ளே இருக்கும் இருக்கைகளை மட்டும் அவனே தட்டி வைப்பான். சேரிக்காரி வெளியே தொடலாம், உள்ளே கை நீட்டக்கூடாது என்பது சுப்பராயலு வீட்டில் வைத்திருந்த முறை. வெளிப்பக்கத்து வண்ணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழைய முதலாளி வீட்டில் பார்த்ததை அவன் பேச்சோடு பேச்சாகச் சொல்வான். புழுதி காய்ந்திருக்கும்போது துணியைப் போடக்கூடாது, நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓடவிட்ட பிறகுதான் துடைக்க வேண்டும். வெயிலில் வண்டியை ஈரத்தோடு விடக்கூடாது. மற்றதையெல்லாம் செங்கமலம் செய்துபார்த்துத் தெரிந்துகொண்டாள். பண்ணைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அது காய்ந்தால் வண்ணத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. அதனால் ஏரி வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். காலையில் வண்டி கழுவ எத்தனை குடம் வேண்டுமோ அத்தனை குடம், மாலையில் வண்டி திரும்பியதும் மறுபடியும் அத்தனை குடம். நடுவிலே வயல்.

நடவுக் காலத்தில் அவளுக்கு முதுகு நிமிராது. நாளெல்லாம் குனிந்து நின்றுவிட்டு வந்து, கையைத் தூக்கிக் கூரையைத் துடைக்கும்போது தோளில் ஏதோ ஒன்று பிசகுவதுபோல இருக்கும். சில நாள் சக்கரத்தைத் துடைக்க உட்கார்ந்தவள் அப்படியே மட்கார்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். நடேசன் அவளை எழுப்ப மாட்டான். யாராவது வருகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். வந்தால், இடது தோளில் துணியைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நிற்பான்.

அவன் நிற்பது அவளுக்குக் கோபமாக இருந்ததா என்று பிற்காலத்தில் மகள் கேட்டிருக்கிறாள். முதல் வருஷம் இரக்கமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது, அதற்கும் அப்புறம் யோசிக்க நேரம் இல்லை என்று செங்கமலம் சொன்னாளாம்.

மூன்றாம் வருஷம் வைகாசியில் அது நடந்தது. வில்லியனூர்த் தேரோட்டத்துக்குச் சில நாட்களே இருந்தன. தேர் வடம் பிடிக்கக் கவர்னர் துரை வருவார், சுற்று வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் வருவார்கள், மோட்டார் வைத்திருப்பவர்கள் மோட்டாரில் வருவார்கள். சுப்பராயலு அந்த வருஷம் வண்டியோடு போய் நிற்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். அதற்கு முன்பு காட்டேரிக்குப்பத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர், வண்டியை மாமரத்தடியில் விட்டுவிட்டு இரண்டு நாள் தங்கிவிட்டார். வண்டி திரும்பி வந்தபோது முன்பக்க மூடி முழுவதும் மாம்பாலும் காக்கை எச்சமும் வெயிலில் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது.

வண்டி வந்தது நடுப்பகலில். செங்கமலம் சொர்ணவாரிப் போகத்து நெல்லுக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். பச்சையப்பன் சாப்பிடப் போய்விட்டான். கொட்டாயில் நடேசன் மட்டும் இருந்தான். மாலையில் அவள் அலுத்து வருவாள், வந்ததும் இதைச் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டும், இதையாவது நாம் செய்து வைப்போம் என்று அவனுக்குத் தோன்றியது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வாளியில் இருந்த தண்ணீரை ஊற்றித் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். பித்தளைக் குடத்தில் களிம்பு ஏறினால் செங்கல் பொடி போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பார்கள், பளபளவென்று வந்துவிடும். மதில் ஓரத்தில் கிடந்த செங்கல்லை இடித்துப் பொடி எடுத்தான். நாரை நனைத்துக்கொண்டு, இடது கையால் வட்டம் வட்டமாக முழு பலத்தோடு தேய்த்தான். மூடியை முடித்துவிட்டு, இரண்டு பக்க மட்கார்டையும் ஒரு கதவையும்கூடத் தேய்த்தான். நல்ல வேலை செய்கிற சந்தோஷம் அவனுக்கு வந்து எத்தனையோ நாளாயிருந்தது.

தண்ணீர் ஊற்றியதும் வண்டி பளபளத்தது. கறையெல்லாம் போயிருந்தது. அவன் ஒதுங்கி நின்று பார்த்தான். பிறகு தண்ணீர் காயக் காய, மூடியின் மேல் சாம்பல் பூத்ததுபோல் ஒரு வெளுப்பு எழும்பி வந்தது. துணியால் துடைத்தான், போகவில்லை. மறுபடியும் தண்ணீர் ஊற்றினான். பளபளத்தது. காய்ந்ததும் மறுபடியும் வெளுத்தது.

செங்கமலம் வயலிலிருந்து வந்தபோது அவன் வாளிக்கும் வண்டிக்கும் நடுவே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய வேட்டி முழுக்க நனைந்திருந்தது. காலடியில் சேறு. அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தது. மூடி முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்.

“தண்ணி ஊத்தனா சரியாயிடுது,” என்றான் நடேசன். “காஞ்சாத்தான் அப்பிடி ஆவுது.”

அவள் வாளியை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். நாரையும் செங்கல் பொடியையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சுப்பராயலு பார்த்தபோது சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலாம் என்று நடேசனுக்கு இருந்தது. விரலால் மூடியைத் தடவிப் பார்த்து, இதைப் பட்டணத்துப் பட்டறையில் கொண்டுபோய் விடு என்று பச்சையப்பனிடம் சொன்னார். பட்டறையில் விட்டால் வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள், தேர் முடிந்துதான் வண்டி கிடைக்கும் என்றான் பச்சையப்பன். மேலே உள்ள கீறல்தான், தேய்த்து எடுத்துவிடலாம், அதற்கென்று ஒரு மெருகுப் பசை தகர டப்பாவில் விற்கிறது, ஆனால் தேய்க்க ஆள் வேண்டும் என்றும் சொன்னான். ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. பசையை வாங்கி வா என்று சொல்லிவிட்டுப் போனார். கங்காணியிடம் செங்கமலத்தைத் தேர் முடியும்வரை வயலுக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த நாட்களின் வயல் கூலி அவளுக்குக் கிடையாது என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பசை சந்தனம் அரைத்ததுபோல் இருந்தது. மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பழைய மெல்லிய வேட்டித் துணியை மடித்து, அதில் கொஞ்சம் பசையைத் தொட்டு, வட்டமாகத் தேய்க்காமல் நீளவாக்கில், ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று உள்ளங்கை அகலமுள்ள இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் கீறல் போகும். அதிகம் அழுத்தினால் வண்ணமே போய்விடும். தேய்த்த இடத்தைத் துடைத்துவிட்டுச் சாய்ந்து பார்ப்பாள். கீறல் கொஞ்சம் மங்கியிருக்கும். மறுபடியும் பசை, மறுபடியும் தேய்ப்பு. துணியில் வண்டியின் நீலம் ஏறிவரும். இரண்டாம் நாளே அவள் உள்ளங்கைகள் இரண்டும் அவுரிச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்ததுபோல் ஆகிவிட்டன. சோறு பிசையும்போதும் நீலம் தெரிந்தது. வைகாசி வெயிலில் கொட்டாயின் கீற்றுக்கூரை கொதித்தது. வெயில் ஏறினால் பசை துணியிலேயே காய்ந்துவிடும் என்பதால் வாசல் பக்கம் சாக்கு கட்டித் தொங்கவிட்டார்கள். அதனால் காற்றும் வரவில்லை.

நடேசன் அவள் பக்கத்திலேயே நின்றான். துணி எடுத்துக் கொடுத்தான், பசை டப்பாவைத் திறந்து கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல், இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“குடு, கதவ நான் தேய்க்கறேன்,” என்றான் அவன்.

“வேணாம். நீ சும்மா இரு.”

“நீயும் இப்ப எடது கையாலதான தேய்க்கற? எனக்கும் அதே கைதான இருக்குது.”

அவள் நகர்ந்து இடம் விட்டாள். துணியைக் கொடுத்தாள். நீளவாக்கில் தேய்க்கச் சொன்னாள். அவன் கதவுக்கு எதிரே உட்கார்ந்து மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினான். அவள் சாக்கின் நிழலில் சாய்ந்தாள். சாய்ந்ததும் தூங்கிவிட்டாள்.

அவள் எழுந்து பார்த்தபோது கதவு நன்றாக வந்திருந்தது. உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. ஆனால் கதவின் நடுவே நீளமாக ஓடும் ஒரு மடிப்பின் மேட்டில், கட்டைவிரல் அளவுக்கு நீலம் போய் அடிவண்ணம் சாம்பலாகத் தெரிந்தது. மேடான இடங்களில் வண்ணம் மெல்லிசாக இருக்கும் என்று பச்சையப்பன் சொல்லியிருந்தான். அவள் நடேசனிடம் சொல்ல மறந்துவிட்டாள். நடேசன் துணியை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது கேட்டால், தேய்த்தது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள் செங்கமலம். அவன் தலையசைத்தான்.

பச்சையப்பன் சலவை நீலத்தையும் விளக்குக் கரியையும் தேன்மெழுகில் குழைத்து அந்த இடத்தில் தடவினான். அருகில் வந்து குனிந்து பார்த்தால் தெரியும், நின்று பார்த்தால் தெரியாது. தேருக்கு முந்தின நாள் செங்கமலம் வண்டி முழுவதற்கும் மெழுகு போட்டுத் துடைத்தாள். வெளியே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தியபோது கொட்டாயின் கீற்றும் தென்னைமரமும் அவளுடைய முகமும் அந்த மூடியில் தெரிந்தன. பண்ணை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அதிக நேரம் பார்க்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தேர் முடிந்து திரும்பிய சுப்பராயலு சந்தோஷமாக இருந்தார். நெட்டப்பாக்கத்து மிராசுதார் ஒருவர், புது வண்டி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாராம். கொட்டாய்ப் பக்கம் வந்து, நடேசனைக் கூப்பிட்டு, உன் கைவேலையை எல்லோரும் பார்த்தார்கள் என்று அவன் தோளில் தட்டினார். நடேசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கொட்டாய்க்குள்ளே சாணி பூசிக்கொண்டிருந்த செங்கமலத்துக்கு அது கேட்டது. அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. அவன் சொல்லவில்லை. அவள் மறுபடியும் பூசத் தொடங்கினாள். இதைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசிக்கொள்ளவே இல்லை.

அதன்பிறகு தோள் சரியாகவில்லை. நாட்டு மருந்து எண்ணெய் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள். தலைக்கு மேல் கையைத் தூக்கினால் வலி முழங்கை வரைக்கும் வந்தது. ஆனாலும் வண்டி தினமும் வெளியே போயிற்று, தினமும் புழுதியோடு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, தேருக்கு முன்னால், பசை போட்டுத் தேய்க்கும் வேலையும் வழக்கமாகிவிட்டது. ஒரு தடவை நன்றாக வந்துவிட்டதால் ஒவ்வொரு தடவையும் வரும் என்று சுப்பராயலு எதிர்பார்த்தார். அவர் மேர் ஆகவில்லை. வேறொருவர் ஆனார். அதற்குப் பிறகு வண்டியாவது ஊரில் முதலாக இருக்க வேண்டும் என்று இன்னும் கவனமானார்.

அமுதத்தைப் பூரணாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். சண்டை வந்தது. பிரான்சு விழுந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பெட்ரோலுக்குச் சீட்டு வந்தது, பிறகு சீட்டுக்கும் பெட்ரோல் இல்லை. வண்டியைக் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றி வைத்தார்கள். பச்சையப்பன் வேறு வேலை தேடிக் கடலூர்ப் பக்கம் போய்விட்டான். ஓடாத வண்டியையும் தினம் துடைக்க வேண்டும் என்று சுப்பராயலு சொல்லியிருந்தார். செங்கமலம் துடைத்தாள். ஓடாத வண்டியில்தான் வேலை அதிகம் இருந்தது. கோழி ஏறிற்று, எலி நுழைந்தது, மழைக்காலத்து ஈரத்தில் வண்ணம் பூத்தது. தினம் துடைத்தும் நீலம் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே போயிற்று.

சண்டை முடிவதற்கு முன்பே சுப்பராயலு காலமானார். பண்ணை அவர் மகன் சிவப்பிரகாசத்தின் கைக்கு வந்தது. பட்டணத்தில் படித்தவர். பெட்ரோல் மறுபடியும் கிடைக்கத் தொடங்கியதும், இந்தப் பழைய வண்டி நமக்கு எதற்கு என்று விற்றுவிட ஏற்பாடு செய்தார். கடலூரில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக வண்டியை ஒருமுறை நன்றாகத் தேய்த்து வைக்கச் சொன்னார்.

செங்கமலத்துக்கு அப்போது நாற்பதுக்கு மேல். தலை பாதி நரைத்திருந்தது. கூரையையும் மூடியையும் அவள் பெட்டி போட்டு ஏறி நின்று தேய்த்தாள், கையைத் தூக்க வேண்டாம் என்பதற்காக. வண்ணம் பல இடங்களில் மெல்லிசாகிவிட்டது என்று துணியில் ஏறிய நீலத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. அந்த இடங்களில் பசையைக் குறைத்து மெழுகைக் கூட்டினாள். வண்டி விற்றுப்போனால் இந்த வேலை முடிந்துவிடும், நடேசன் பேரில் வரும் நெல்லும் நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் அவள் எதையும் விட்டு வைக்கவில்லை. விட்டு வைத்தால் மறுபடியும் தேய்க்கச் சொல்வார்கள் என்ற பயம்தான் அதற்குக் காரணம்.

கடலூர்க்காரர் வந்தார், சுற்றிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. சக்கரத்தை மாட்டி, வேறொரு டிரைவர் ஓட்டிக்கொண்டு போனார். வண்டி வாசலைத் தாண்டியதும், சுப்பராயலுவின் மனைவி ஆண்டாள் அம்மாள் ஒரு தட்டில் புது வேட்டியும் துண்டும் வெற்றிலை பாக்கும் வைத்து எடுத்து வந்தார். இத்தனை வருஷம் வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட நடேசனுக்குக் கொடுக்க வேண்டும் என்று சிவப்பிரகாசம்தான் சொல்லியிருந்தார். அம்மாள் தட்டைத் தரையில் வைத்தார். நடேசன் குனிந்து இடது கையால் வேட்டியை எடுத்தான். இடது கையால் வாங்குவதற்கு எப்போதும்போல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

சிவப்பிரகாசம், கவலைப்படாதே, வேலை இருக்கிறது என்று அவனிடம் சொன்னார். கரும்புக் கொல்லையில் தண்ணீர் இறைக்க ஆயில் இன்ஜின் ஒன்று வருகிறது, அதைத் துடைத்து வைத்துக்கொண்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, கொட்டாயைப் பார்த்துக்கொண்டால் போதும், அதே நெல் உண்டு என்றார். நடேசன் தலையைத் திருப்பி, மாட்டுக் கொட்டாய் ஓரம் நின்றிருந்த செங்கமலத்தைப் பார்த்தான். எந்த வேலை வந்தாலும் அவன் முதலில் அவளைத்தான் பார்ப்பான்.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சின்னய்யா, ஒண்ணு சொல்லணும்,” என்றாள். குரல் உயரவில்லை. “இத்தினி வருசமும் வண்டியத் தொடச்சது நானு. அவுரு பேருல இருந்துச்சு, செஞ்சது நானு. ரெண்டு ஆளு வேல இனிமே என்னால ஆவாது. இன்ஜின் வேலய எனக்குக் குடுக்கறதுன்னா எம் பேருலயே குடுங்க, வயலுக்கு நான் வரல. இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்குங்க.”

சிவப்பிரகாசம் நடேசனைப் பார்த்தார். “இன்னா நடேசா, இது சொல்றது நெசமா?”

நடேசன் கையில் இருந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “நெசந்தாங்க. பெரியய்யாவுக்கும் தெரியும்.”

ஆண்டாள் அம்மாள் அறையின் சன்னல் கொட்டாயைப் பார்த்துத்தான் இருந்தது. அவளுக்கே கொடுத்துவிடேன் என்று அம்மாள் மகனிடம் மெல்லச் சொன்னார். சிவப்பிரகாசம் யோசித்தார். அவருக்குக் கோபம் இல்லை, சங்கடம்தான். இன்ஜின் பக்கம் பெண்பிள்ளையை விட முடியாது, பெல்ட்டில் புடவை மாட்டினால் யார் பதில் சொல்வது என்றார். அதில் நியாயமும் இருந்தது. ஏற்கெனவே ஒரு கையை எடுத்த பண்ணை அது. மறுவாரம் சின்னப்பிள்ளை என்ற ஆளை அந்த வேலைக்கு வைத்தார்.

அவர்கள் இரண்டு பேரும் வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்தார்கள். நடேசன் பின்னால் வந்தான். மதகைத் தாண்டினார்கள்.

“நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்,” என்றான் அவன்.

“சொல்லியிருக்கணுந்தான்,” என்றாள் அவள். நடையை நிறுத்தவில்லை.

நெல் நின்றுபோன பிறகு கொஞ்ச காலம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வேளைக் கஞ்சியைக் குறைத்துக்கொண்டார்கள். நடேசன் சேரிக்காரர்களின் மாடுகளை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போகத் தொடங்கினான். ஊரில் சின்னப் பசங்கள் செய்யும் வேலை அது. முதலில் சில நாள் யார் கண்ணிலும் படாமல் விடியலிலேயே ஓட்டிக்கொண்டு போனான், பிறகு எல்லோரும் போகும் நேரத்துக்கே போனான். அந்த வேலை அவன் பேரில் இருந்தது, அவனே செய்தான். செங்கமலம் நடவுக்கும் களைக்கும் மட்டும் போனாள். கையைத் தூக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிடுவதைக் கங்காணியே விட்டுவிட்டார். உள்ளங்கையில் ரேகைகளுக்குள் ஏறியிருந்த நீலம் அடுத்த அறுப்பு வரைக்கும் போகவில்லை.

ஒரு ஐப்பசி மாதப் பகலில், களை முடிந்து அவள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். மாலைத் தண்ணீர் எடுக்க வேண்டியதில்லை, யாரும் வரப்போவதில்லை. சாக்கை விரித்துப் படுத்தாள். மழை வந்து, ஓய்ந்து, மறுபடியும் வந்தது. அவள் எழுந்தபோது நடேசன் மாடுகளை விட்டுவிட்டு வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். கஞ்சி கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. அவன் சட்டியை அவள் பக்கம் தள்ளினான். அவள் எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடியே குடித்தாள். குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள்.